கலீல் கெட்டது எப்போது?

போரைப் பொருளாகக் கொண்ட இன்றைய அரபு நாவல்களை நம் பிள்ளைகள், அதிலும் கல்லூரிகளில் அரபு இலக்கியம் பயிலும் நம் பெண்மக்கள், படிக்கத் தகுமா என்னும் வினா நம் குடும்பங்களில் எழுந்துள்ளது. வினா எழுவதில் தவறில்லை. ஆனால் விடை கூறுவோர் இரு சாராராய்ப் பிரிந்து நிற்கின்றனர். இரு சாராரும் நூலைத் திறந்து பாராமலே தீர்ப்பு வழங்குகின்றனர். அதுவே நம்மை எழுதத் தூண்டியது.

வழக்கில் அகப்பட்டிருக்கும் முதல் நூல், லெபனான் நாட்டு ஹுதா பரகாத் அம்மையாரின் ‘ஹஜருள் ளஹிக்’. ‘சிரிப்பின் கல்’ என்று தமிழில் சொல்லலாம். 1990 இல் வெளிவந்தது. “ஆண்மையற்ற ஓர் இளைஞனைக் கதைத் தலைவனாக்கிய ஆபாச நூல், முஸ்லிம் இல்லத்தில் அதற்கு இடமில்லை” என்கின்றனர் ஒரு சாரார். “ஆண், பெண் என்னும் எல்லைக் கோடுகளை அழித்துவிட்ட பின்நவீனத்துவச் சாதனை, கொண்டாடுங்கள்” என்கின்றனர் மற்றொரு சாரார். முன்னவர் அஞ்சுகின்ற பொருள் அந்நூலில் இல்லை. பின்னவர் கொண்டாடுகின்ற பொருளும் அதில் இல்லை. அதில் இருப்பது நம் ஆண்பிள்ளைகளைப் பற்றிய ஒரு சாட்சியம்.

“கிறித்தவப் பெண்மணி எழுதியதை நாம் ஏன் படிக்கவேண்டும்?” என்று கேட்போருக்கு முதலில் ஒரு சொல். நம் மதரஸாக்களின் அலமாரிகளில் அடுக்கியிருக்கும் கிதாபுகளின் முகப்பேட்டைப் பாருங்கள். தஃப்ஸீரும் ஃபிக்ஹும் நஹ்வும் ஸர்ஃபும் எத்தனை எத்தனை பைரூத் நகரத்தில் அச்சாகி நம்மிடம் வந்திருக்கின்றன! சொற்பொருள் தேடி நம் மாணவர்கள் நாளும் புரட்டும் ‘அல்முன்ஜித்’ அகராதி, லூயிஸ் மஃலூஃப் என்னும் கிறித்தவப் பாதிரியார் தொகுத்து 1908 இல் அதே பைரூத்தில் வெளியிட்டது. அகராதியை அந்நகரத்திலிருந்து வாங்கிக்கொண்டோம். அந்நகரம் எரிந்த கதையை மட்டும் வேண்டாம் என்போமா?

அது எரிந்த கதை இளைய வாசகர்களுக்குத் தெரியாதிருக்கலாம். 1975 ஏப்ரல் 13 அன்று பைரூத்தின் ஐனுர் ரும்மானாப் பகுதியில் பலஸ்தீனியர் சென்ற பேருந்து ஒன்று தாக்கப்பட்டதிலிருந்து அந்த உள்நாட்டுப் போரைக் கணக்கிடுவது வழக்கம். 1990 வரை அது நீடித்தது. ஒன்றரை இலட்சம் உயிர்கள் பலியாயின என்பது பலரும் கூறும் கணக்கு. ஏறத்தாழ 17,000 பேர் காணாமற்போயினர். நகரம் கிழக்கு, மேற்கு என இரண்டாய்ப் பிளந்தது. முஸ்லிமுக்கும் கிறித்தவருக்கும் நடந்த போர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவோர் உண்டு, அது பிழை. 1980களின் நடுப்பகுதியில் அமல் இயக்கத்தார் பலஸ்தீன அகதி முகாம்களை முற்றுகையிட்டனர். அதே அமல் இயக்கத்தாரும் ஹிஸ்புல்லாஹ்வினரும், இருவரும் ஷீஆக்களாயிருந்தும், 1988 முதல் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். 1990 இல் மாரோனியக் கிறித்தவர் தம்முள்ளே இரு படையாகி மோதினர். இதற்கு நம் கிதாபுகளில் உள்ள பெயர் ஃபித்னா. ஜிஹாது என்று இதனை அழைக்க எந்த ஆலிமும் துணியார்.

‘அடையாளம்’ என்னும் சொல்லை இன்றைய திறனாய்வாளர்கள் வெற்றிலைபோல் மென்றுகொண்டிருக்கின்றனர். பைரூத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. லெபனான் குடிமகனின் அடையாள அட்டையில் அவனுடைய சமயப் பிரிவு எழுதப்பட்டிருந்தது. சாலைத் தடுப்பில் வண்டியை நிறுத்தி, அட்டையை வாங்கிப் பார்த்து, பிரிவின் பெயரைக் கொண்டே மனிதனைத் தனியே இழுத்துக் கொன்றனர். 1975 டிசம்பர் 6 அன்று ஒரே நாளில் அவ்வாறு மாண்டவர் பலர். ‘கறுப்புச் சனிக்கிழமை’ என்று அந்நாளை இன்றும் குறிக்கின்றனர். தடுப்பில் நிற்பவன் கேட்டது இந்த அட்டையை. தெருவும் நண்பர் வட்டமும் உறவும் இளைஞனிடம் கேட்டது எழுதப்படாத வேறோர் அட்டையை: நீ ஆண்தானா? ஆண் என்றால் உன் துப்பாக்கி எங்கே? உன் அணி எது? அந்த இரண்டாம் அட்டையைப் பற்றியதே ஹுதா பரகாத்தின் நாவல்.

இந்நாவல்களின் வடிவத்தைப் பற்றியும் இரண்டு சொற்கள் கூறவேண்டும். தொடக்கம், நடு, முடிவு என்று ஒழுங்காய் நடவாத கதை; சொல்பவர் யார் என்று தெளியாத குரல்; கனவும் நனவும் பிரியாத பக்கங்கள். இவற்றைப் ‘பின்நவீனத்துவம்’ என்கின்றனர். பாரிஸ் நகரத்துத் தத்துவவாதிகளிடமிருந்து இரவல் வாங்கிய அணிகலன் என்று ஏளனம் செய்வோரும் உளர். ஃகாதா அஸ்ஸம்மான் அம்மையாரின் ‘கவாபீஸு பைரூத்’ என்னும் நூலை அவர்கள் பார்க்கவேண்டும். ‘பைரூத்தின் கெட்ட கனவுகள்’ என்று பொருள். 1976 இல் வெளிவந்தது. 1975 இன் இறுதியில் உயர்ந்த தங்கும் விடுதிகளைப் பிடிப்பதற்காக நடந்த சண்டையில், அருகிலிருந்த வீட்டுக்குள் சிக்கிக்கொண்ட ஒரு பெண்ணின் நூல் அது. அத்தியாயங்களுக்கு மாறாக ‘கனவு’ என்று எண்ணிட்ட துண்டுகளே அதில் வருகின்றன. குண்டு விழும் இடைவெளிக்குள் எழுதுகிறவளுக்கு நீண்ட அத்தியாயம் எங்ஙனம் வாய்க்கும்? வீட்டுச் சுவர் உடைந்ததுபோல் கதையும் உடைந்தது. அவ்வளவே.

இனி கலீலிடம் வருவோம். கலீல் பைரூத்தில் தனி அறையில் வசிக்கும் இளைஞன். உடல் மெலிந்தவன், முகத்தில் சிறுவன் சாயல் இன்னும் நீங்காதவன். ஆயுதம் ஏந்திய இளைஞர்களின் உலகம் ஒன்று. அரசியலையும் பத்திரிகைகளையும் கைக்குள் வைத்திருக்கும் மூத்த ஆடவர் உலகம் மற்றொன்று. இரண்டிலும் அவனுக்கு இடமில்லை. பெண்களின் உலகமோ ஆண் என்பதால் அவனுக்கு மூடியது. ஒவ்வொரு மோதல் ஓயும்போதும் அவன் என்ன செய்கிறான் தெரியுமா? அறையைப் பெருக்குகிறான், துடைக்கிறான், ஒழுங்குபடுத்துகிறான். நம் வீடுகளில் ‘பெண்பிள்ளை வேலை’ என்று ஒதுக்கும் வேலையைச் செய்கிறான். வெளியே நகரம் குப்பையாகிக் கொண்டிருக்க, உள்ளே ஓர் அறை சுத்தமாகிறது. அவனுக்கு நாஜி என்றொரு நண்பன்; அவன் சுடப்பட்டு இறக்கிறான். பிறகு யூசுஃப் என்னும் உறவினன். அவன் ஆயுதக் குழுவில் சேர்ந்து இறக்கிறான். இவ்விருவர்பாலும் கலீலின் உள்ளத்தில் நட்பின் எல்லை கடந்த நாட்டம் ஒன்று இருந்தது என்பதை ஆசிரியை மறைக்கவில்லை. அதைச் சுவைபட விரித்து விற்கவுமில்லை. கலீல் அதை வாய்திறந்து எவரிடமும் கூறுவதுமில்லை, உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறான். வயிற்றில் புண் உண்டாகி அறுவை சிகிச்சைக்கு ஆளாகிறான்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் கலீல் மாறத் தொடங்குகிறான். சாவுக்கு அருகே சென்று மீண்டவனுக்கு வாழ ஆசை வருகிறது. அந்நகரத்தில் வாழ்வதென்றால் வலியவர் பக்கம் நிற்பதென்று பொருள். ஆயுதத் தலைவன் ஒருவனின் அணுக்கம் அவனுக்குக் கிடைக்கிறது. நடை மாறுகிறது, பேச்சு மாறுகிறது, துப்பாக்கி வருகிறது, கார் வருகிறது. இறுதியில் தன் கட்டடத்திலேயே குடியிருந்த, துணையற்ற பெண்ணொருத்தியைக் கெடுக்கிறான். கெடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போகிறான். இப்போது அவனைத் தெரு ஐயமின்றி ஆண் என்கிறது.

முதற் சாராரான பெரியோரிடம் நாம் ஒரே ஒரு வினாவைப் பணிவுடன் கேட்கிறோம். இக்கதையில் கலீல் கெட்டது எப்போது? தரையைத் துடைத்தபோதா? நண்பனுக்காகக் கண்ணீர் வடித்தபோதா? துப்பாக்கியைத் தொட அஞ்சி அறைக்குள் அடைந்து கிடந்தபோதா? அப்போதெல்லாம் அவன் கையால் ஓர் உயிரும் போகவில்லை. ஒரு மானமும் அழியவில்லை. அவன் கெட்டது, நீங்கள் ‘ஆண்பிள்ளையாகிவிட்டான்’ என்று சொல்லக்கூடிய அந்நாளில்தான். நூலை ஆபாசமென ஒதுக்குவோர் முற்பகுதிக் கலீலைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். பிற்பகுதிக் கலீலைக் கண்டு ஒன்றும் சொல்வதில்லை. நம்மைத் திடுக்கிடச் செய்வது இந்த மௌனமே.

“அந்த நாட்டத்தை மார்க்கம் ஏற்கிறதா?” என்பர். மார்க்கம் எதை விலக்கியதோ அதை விலக்கியதாகவே நாமும் கொள்கிறோம், அதில் ஒளிவில்லை. ஆனால் உள்ளத்தில் தோன்றிச் செயலுக்கு வராத எண்ணத்துக்கும், செயலாகிப் பிறர் உயிரையும் மானத்தையும் அழித்த கொடுமைக்கும் ஷரீஅத் ஒரே தராசா வைத்திருக்கிறது? பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்திலேயே மென்மையான நடையும் பேச்சும் உடைய ஆடவர் மதீனாவில் இருந்தனர். ‘முகன்னஸ்’ என்று ஹதீஸ்களில் குறிக்கப்படுகின்றனர். ‘ஸஹீஹ் முஸ்லிம்’ நூலுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இவர்களை இரு வகையாய்ப் பிரிக்கின்றார்கள். படைப்பிலேயே அவ்வாறு அமைந்தவர் ஒரு வகை. அவர்மேல் பழியில்லை, குற்றமில்லை. வேண்டுமென்றே பாவனை செய்பவர் மறு வகை. பழிப்பு அவருக்கே உரியது. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த இமாமுக்கு இருந்த நிதானம், கலீலின் நடையைக் கேட்ட அளவிலேயே நூலை மூடிவிடுவோருக்கு ஏன் இல்லை?

இவ்விஷயங்களைப் பேசுவதே நாணக்கேடு என்பாரும் உளர். பதினைந்து பதினாறு வயதில் ஃபிக்ஹு கிதாபு ஓதும் நம் மாணவர் ‘குன்ஸா’ பற்றிய சட்டங்களைக் கூச்சமின்றி ஓதுகின்றனர். ஆண், பெண் என்று உடலாலே தெளிவுபடாதவரைத் தொழுகை வரிசையில் எங்கே நிறுத்துவது, பாகப்பிரிவினையில் என்ன கொடுப்பது என்றெல்லாம் விரிவாய்ப் பேசியிருக்கின்றனர் நம் முன்னோர். வாரிசுரிமையில் ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு அழகானது: உறுதியாக உரியது எதுவோ அதை உடனே கொடுத்துவிட்டு, ஐயத்துக்குரிய பங்கை நிலைமை தெளியும்வரை நிறுத்தி வைக்கவேண்டும். தெளியவில்லையே என்பதற்காக அவரைப் பாகத்திலிருந்து வெளியேற்றவில்லை. கலீல் குன்ஸா அல்லன் என்பதை அறிவோம். அவனுடைய உடல் ஆணுடல்தான். நாம் சுட்டுவது முன்னோரின் மனப்பாங்கை. தெரியாததைத் தெரியாததென நிறுத்தி வைக்கும் பொறுமை அவர்களுக்கு இருந்தது.

தமிழ்மொழியும் இவ்விஷயத்தில் குற்றமற்றதன்று. ‘பேடி’ என்னும் ஒரே சொல்லுக்கு ஆண்மை திரிந்தவர் என்றும் கோழை என்றும் இரு பொருள் வைத்திருக்கிறோம். அஞ்சுகிறவன் ஆணல்லன், கொல்ல மறுப்பவன் அஞ்சுகிறவன் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டோம். இம்முடிச்சை அவிழ்க்கும் ஆதாரம் நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஹிஜ்ரி 36 இல் ஜமல் போர். 37 இல் ஸிஃப்பீன் போர். முஸ்லிம்கள் இரு அணியாய்ப் பிரிந்த அந்நாட்களில் ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் பக்கமே உண்மைக்கு நெருக்கமானது என்பது அஹ்லுஸ் ஸுன்னத்தின் முடிவு. அதை ஏற்றுக்கொண்டே கூறுகிறோம். அந்தப் போர்களில் இரு பக்கமும் சேராமல் ஒதுங்கியவர்கள் யார் யார்? ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி): இறைவழியில் முதல் அம்பெய்தவர், காதிஸிய்யாவில் பாரசீகப் பேரரசை வென்ற படைத்தலைவர். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி): தக்வாவுக்கு எடுத்துக்காட்டாய் உம்மத்து போற்றுபவர். முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி): பத்ருக் களம் கண்டவர், ஃபித்னா வந்தபோது தம் வாளை ஒடித்துவிட்டு மரவாள் ஒன்றை வைத்துக்கொண்டார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். இது மூமின், இது காஃபிர் என்று பிரித்துச் சொல்லக் கண்ணும் நாவும் உள்ள வாளொன்றைக் கொண்டுவாருங்கள், பிறகு போரிடுகிறேன் என்று ஸஃது (ரலி) கூறியதாக அறிவிப்பு உண்டு. (பைரூத்தின் மாடிகளில் ஒளிந்திருந்து சுட்டவர்களின் துப்பாக்கிக்குக் கண் இருந்தது, தொலைவிலிருப்பதை அருகே காட்டும் கண்ணாடிக் கண். அது பிரித்துப் பார்க்கவில்லை. ரொட்டி வாங்க வந்தவளையும் சுட்டது.)

இவர்களைப் பேடிகள் என்று சொல்லும் நா எவருக்கேனும் உண்டா? ஃபித்னாக் காலத்தில் நிற்பவனைவிட அமர்ந்திருப்பவன் மேலானவன், நடப்பவனைவிட நிற்பவன் மேலானவன் என்னும் கருத்துள்ள நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வீட்டோடு இருந்துகொள்ளவும், ஆதமுடைய இரு மைந்தரில் சிறந்தவரைப்போல் ஆகிவிடவும் ஏவும் அறிவிப்புகள் அபூதாவூது போன்ற தொகுப்புகளில் உள்ளன. கொல்ல வந்த சகோதரனை நோக்கித் தம் கையை நீட்ட மறுத்த மைந்தரின் செய்தியை ‘மாயிதா’ அத்தியாயத்தில் காணலாம். இவற்றை ஓதியவர்கள் முற்பகுதிக் கலீலின் அறையை எட்டிப் பார்த்தால் அங்கே இகழ்ச்சிக்கு என்ன காண்பர்? அவன் தக்வாவினால் உள்ளே இருக்கவில்லை என்பது மெய். அச்சத்தினாலும் சோர்வினாலும் இருந்தான். ஆயினும் உள்ளே இருந்தான். வெளியே தொழுகையாளிகளும் கோயில் செல்வோருமாகிய ஆடவர் செய்தவற்றை அவன் செய்யவில்லை.

“அப்படியானால் அநீதியை எதிர்க்கவே கூடாதென்கிறீரா?” என்று சிலர் சீறுவர். 1982 இல் இஸ்ரேலியப் படை பைரூத்தை முற்றுகையிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஸப்ரா, ஷாத்தீலா முகாம்களில் அப்பாவிகள் படுகொலை செய்யப்பட்டனர். வந்தேறிய படையை எதிர்த்து ஊர் காத்தோரின் வழக்கு வேறு. அண்டைவீட்டான் அட்டையைப் பார்த்து அவனைக் கொன்றவர்களின் வழக்கு வேறு. இரண்டையும் ஒரே ‘வீரம்’ என்னும் போர்வையால் மூடும் மேடைப் பேச்சாளரே இளைஞரைக் குழப்புகின்றனர்.

ஆண்மைக்கு அரபு மொழி வைத்திருக்கும் பழஞ்சொல் ‘முரூஅத்’. நம் உஸ்தாதுகள் வாயில் ‘முருவ்வத்’ என்று வழங்குவது. ‘மர்உ’, அதாவது மனிதன், ஆண், என்னும் வேரிலிருந்து பிறந்தது. ‘இம்ரஅத்’, பெண், என்னும் சொல்லும் அதே வேரிலிருந்தே பிறந்தது என்பதை மீஸான் ஓதிய சிறுவனும் அறிவான். இமாம் மாவர்தீ (ரஹ்) தம் ‘அதபுத் துன்யா வத்தீன்’ நூலில் முரூஅத்துக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கின்றார்கள். நாணம், வாக்குத் தவறாமை, பிறர் பொருளில் கைவையாமை, அயலாருக்கு உதவுதல் முதலியனவே அச்சொல்லின் உள்ளீடு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஷாஃபிஈ ஃபிக்ஹில் சாட்சி சொல்பவருக்கு முரூஅத் ஒரு நிபந்தனை. பெண்ணின் சாட்சியம் ஏற்கப்படும் இடங்களில் அந்நிபந்தனை பெண்ணுக்கும் உண்டு. ஆகவே நம் சட்ட நூல்களின்படி ‘ஆண்மை’ பெண்ணிடமும் தேடவேண்டிய ஒரு பண்பு! மீசைக்கும் துப்பாக்கிக்கும் அதில் வேலையில்லை. போர் செய்த பெருங்களவுகளுள் ஒன்று, இச்சொல்லின் உள்ளீட்டை வெளியே கொட்டிவிட்டு வெற்றுக் கூட்டுக்குள் வெடிமருந்தை அடைத்தது.

இரண்டாம் சாராரை விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் பங்கு உண்டு.

“அடையாளம் என்பது நிலையானதன்று, ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் ஓர் ஆட்டம், அந்த ஆட்டமே விடுதலை” என்று இந்நாவல்களை விளக்குகின்றனர். கலீலின் அடையாளம் நழுவியது மெய்தான். நழுவி எங்கே போய் விழுந்தது? அவனுடைய கட்டடத்தில் குடியிருந்த அந்தப் பெண்ணின்மேல் விழுந்தது. அவளிடம் போய் ‘ஆட்டம்’ என்று சொல்வாரா இவர்கள்? காணாமற்போன 17,000 பேரின் குடும்பத்தாரிடம் சொல்வாரா? 1991 இல் லெபனான் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றிப் பெரும்பாலான போர்க் குற்றங்களின் ஏட்டை மூடிவிட்டது. ‘என் மகன் எங்கே, என் கணவன் எங்கே’ என்று படங்களை ஏந்தித் தெருவில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1982 இல் சங்கமாய்த் திரண்ட அவர்கள் ஓயாது கேட்டதன் பின்னரே, 2018 இல், காணாமற்போனோரைத் தேடுவதற்கென ஒரு சட்டம் நிறைவேறியது. அவர்கள் ஏந்திய படங்களில் இருந்த முகங்கள் எந்தத் தத்துவத்துக்கும் நழுவவில்லை.

அவர்களுள் இன்னொரு கூட்டம் உண்டு. “போர் ஆணுடையது, அமைதி பெண்ணுடையது” என்று இலகுவாய்க் கோடு கிழிப்பவர்கள். அவர்கள் ஹனான் அஷ்ஷைக் அம்மையாரின் ‘ஹிகாயத்து ஸஹ்ரா’வைப் படிக்கட்டும். தென் லெபனான் ஷீஆக் குடும்பத்தில் வந்த ஆசிரியை. 1980 இல், லெபனான் பதிப்பாளர்கள் மறுத்ததனால், தாமே அச்சிட்டு வெளியிட்டார். பல அரபு நாடுகள் அதைத் தடை செய்தன. கதையின் ஸஹ்ரா சிறு வயதிலிருந்தே ஆடவரால் நசுக்கப்பட்டவள். போர் மூண்டபின், தெருவைக் கொன்றுகொண்டிருக்கும் மறைந்து சுடுபவன் ஒருவனைக் கொலையிலிருந்து திருப்பலாம் என்றெண்ணி அவனிடம் செல்கிறாள். அது எத்தகைய உறவு என்பதை வாசகர் ஊகிப்பர். நாம் அதை நியாயப்படுத்தவில்லை, ஆசிரியையும் அதற்குப் பரிசளிக்கவில்லை. கருவுற்ற நிலையில், தெருவில், குண்டுபட்டு விழுகிறாள். சுட்டவன் அவனே என்பது அவளுடைய இறுதி எண்ணம். பெண்மை போரை நிறுத்தவில்லை. எட்டெல் அத்னான் அம்மையார் பிரெஞ்சு மொழியில் எழுதிய ‘ஸித்து மரீ ரோஸ்’ நாவலிலும் அதே முடிவுதான். பலஸ்தீனியருக்குத் துணைநின்ற கிறித்தவ ஆசிரியை அவள். காது கேளாத, வாய் பேசாத குழந்தைகளுக்குக் கற்பித்தவள். அவளைக் கடத்திக் கொன்றவர்கள் அவளுடைய சமயத்து இளைஞர்களே. 1976 இல் மெய்யாய் நடந்த ஒரு கொலையைத் தழுவியது அது.

ஸஹ்ராவின் கதையில் நம் குடும்பத்துத் தாய்மார் கண்ணில் படவேண்டிய இடம் வேறொன்று உண்டு. திறனாய்வாளர் அதில் தங்குவதில்லை. ஸஹ்ராவுக்கு அஹ்மது என்றொரு தமையன். வீட்டில் உணவிலும் பரிவிலும் அவனுக்கே முதலிடம், ஸஹ்ராவுக்கு மிச்சம். ஆண்பிள்ளை என்பதாலேயே அனைத்தும் தனக்குரியது என்று வளர்ந்தவன், போர் வந்ததும் ஆயுதக் குழுவில் சேர்ந்து, பிறர் வீடுகளைக் கொள்ளையிட்டுப் பொருளோடு திரும்புகிறான். அவனுக்கு அது புதிய பழக்கமே அன்று. வீட்டுக்குள் பழகியதை நகரத்தில் செய்தான். நம் அடுக்களைகளில் இறைச்சித் துண்டைப் பொறுக்கி மகனின் தட்டில் வைத்துவிட்டுக் குழம்பை மகளுக்கு ஊற்றும் தாய்மார் இல்லையா? விழுந்து அழும் ஐந்து வயதுப் பையனை “பொம்பளப் புள்ளயா நீ?” என்று அதட்டும் வாப்பாமார் இல்லையா? நம் ஊர்களில் போரில்லை; அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அந்த இரண்டாம் அட்டையை நாமும் வீட்டிலேயே அச்சடித்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஸர்ஃபு கற்பிப்பவர்களின் பலவீனம் என்று பொறுத்துக்கொள்க. அரபு வினைச்சொல்லின் பதினான்கு ஸீஃகாக்களில் படர்க்கையிலும் முன்னிலையிலும் ஆண், பெண் வேறுபாடு உண்டு. தன்மைக்குரிய இரண்டில் மட்டும் இல்லை. ‘எழுதுகிறேன்’ என்பதை ஆணும் பெண்ணும் ஒரே வடிவில்தான் சொல்லவேண்டும். தமிழிலும் அஃதே: வந்தான், வந்தாள் என்று பிரிக்கின்ற மொழி, ‘வந்தேன்’ என்பதில் பிரிப்பதில்லை. ஹனான் அஷ்ஷைக் இந்த வசதியைப் பயன்படுத்தி ஸஹ்ராவின் ‘நான்’ என்னும் குரலுக்கு இடையே அவளுடைய மாமனின் ‘நான்’, கணவனின் ‘நான்’ இரண்டையும் பேசவிடுகிறார்; குரல் மாறியதை உணரச் சற்று நேரமாகிறது. ஹுதா பரகாத் இன்னும் நுட்பமாய்ச் செய்கிறார். நாவல் நெடுக, கதை சொல்லும் குரல் ஆணா பெண்ணா என்று நாம் கேட்கவே தோன்றாது. கடைசிப் பக்கத்தில், கலீல் காரேறிப் போனபின், அக்குரல் முன்வந்து தன்னைப் பெண்ணென்றும் எழுதுகிறவளென்றும் வெளிப்படுத்திக்கொள்கிறது. தான் வளர்த்த பாத்திரம் ஆடவர் கூட்டத்தில் கலந்து மறைவதைப் பார்த்துக்கொண்டு அவள் தனியே நிற்கிறாள். மூல மொழியில் அவ்விடத்தைப் படித்தபோது, ஒரு பெண்பால் விகுதிக்கு இவ்வளவு துயரம் தாங்கும் வலிமை உண்டா என்று வியந்தோம்.

இந்த ஆசிரியை 1989 இல் பைரூத்தை நீங்கிப் பாரிஸ் சென்றவர். 2000 இல் ‘ஹாரிஸுல் மியாஹ்’ நாவலுக்கு நஜீப் மஹ்ஃபூஸ் பதக்கமும், 2019 இல் ‘பரீதுல் லைல்’ நாவலுக்குச் சர்வதேச அரபு நாவல் பரிசும் பெற்றார். எல்லா நூல்களையும் அரபியிலேயே எழுதுகிறார் என்பது நம் அரபுத்துறையினர் கவனத்துக்கு. ‘ஹஜருள் ளஹிக்’கின் நடை கடினமானது, வாக்கியங்கள் நீளமானவை, ஷாம் நாட்டுப் பேச்சு வழக்கும் ஊடே வரும். ஆலிமிய்யா வகுப்பை முடித்த மாணவர் முன்ஜிதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கடந்துவிடலாம். அரபு அறியாதோருக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் கையில் இதைக் கொடுக்கவேண்டியதில்லை. ஸஹ்ராவின் கதையில் இன்னும் கடுமையான இடங்கள் உள்ளன. பெற்றோர் முதலில் படித்துப் பார்த்துக் கொடுப்பது நலம். ‘நம் பெண்மக்கள் படிக்கலாமா’ என்று கேட்டவர்களுக்கு நம் விடை இது: படிக்கலாம். ஆனால் கலீலின் கதையை வீட்டுக்கு வாங்கி வந்தால் அதை முதலில் மகனிடம் கொடுங்கள். அவன் முடித்தபின் மகள் வாங்கிக்கொள்ளட்டும்.